நூறாண்டு கடந்த பேராசிரியர் சங்கத்தின் சேவை: ஒரு மதிப்புரை

அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் செய்துவரும் பணிகள் பல என்றாலும், அதன் பெயர் நிலைத்திருப்பது ஒரு சேவையால்தான். ஓர் ஆசிரியரை நிர்வாகம் முறைகேடாகப் பணிநீக்கம் செய்தால், சங்கம் அதை விசாரித்து அறிக்கை வெளியிடும். அதன் பிறகும் திருந்தாத நிறுவனத்தின் பெயரைக் கண்டனப் பட்டியலில் சேர்க்கும். அபராதம் விதிக்கவோ, வேலை இழந்தவரை மீண்டும் அமர்த்தவோ அதற்கு அதிகாரம் கிடையாது. அதிகாரமற்ற இந்தச் சேவை எந்த அளவுக்குப் பயன்பட்டிருக்கிறது என்பதைச் சங்கத்தின் வரலாற்றைக் கொண்டுதான் எடைபோட முடியும்.

சங்கத்தின் வேர் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கே பொருளியல் கற்பித்த எட்வர்ட் ராஸின் மேடைப் பேச்சுகள் பல்கலைக்கழகத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஜேன் ஸ்டான்போர்டுக்குப் பிடிக்காமல் போகவே, 1900இல் ராஸ் பதவி விலக நேர்ந்தது. அதைக் கண்டித்துத் தாமாகவே வெளியேறிய ஆசிரியர்களுள் மெய்யியலாளர் ஆர்தர் லவ்ஜாயும் ஒருவர். ராஸின் பேச்சுகளில் ஆசியத் தொழிலாளர் குடியேற்றத்துக்கு எதிரான இனவெறுப்பும் இருந்தது என்பதை இந்தக் கதையைப் பெருமையோடு சொல்பவர்கள் பலர் மெல்லக் கடந்துபோகிறார்கள். கருத்து வெறுக்கத்தக்கதாக இருந்தாலும், பணம் கொடுத்தவரின் விருப்பத்துக்காக ஆசிரியரை நீக்கலாமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. சங்கம் பிறந்தது அந்தக் கேள்வியிலிருந்துதான்.

லவ்ஜாயும் மற்றொரு மெய்யியலாளரான ஜான் டூயியும் முன்னின்று அழைக்க, 1915 ஜனவரியில் நியூயார்க்கில் கூடிய கூட்டத்தில் சங்கம் உருவானது. டூயி முதல் தலைவரானார். வழக்கு விசாரணை தங்கள் முதன்மை வேலையாக இருக்கும் என்று அவர்கள் எண்ணவில்லை. ஆனால் அதே ஆண்டில் யூட்டா பல்கலைக்கழகத்தில் சில ஆசிரியர்கள் நீக்கப்பட, அவர்களுக்கு ஆதரவாக மேலும் பலர் பதவி விலகவே, லவ்ஜாய் தாமே ரயிலேறிச் சென்று விசாரித்தார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஆசிரியர் ஸ்காட் நியரிங் நீக்கப்பட்டதும் அந்த ஆண்டில்தான். அந்த ஆண்டின் இறுதியில் வெளியான கொள்கை அறிவிப்பில், பேராசிரியருக்கும் ஆட்சிக்குழுவுக்கும் உள்ள உறவு, நீதிபதிக்கும் அவரை நியமித்த அரசுத் தலைமைக்கும் உள்ள உறவைப் போன்றது என்று ஒரு வாதம் வருகிறது: நியமித்தவர் என்பதற்காகத் தீர்ப்பை எழுதித் தர முடியாது. சங்கம் எழுதியவற்றுள் எனக்கு மிகச் சிறந்ததாகத் தோன்றும் இடம் இதுவே.

எழுதுவதில் இருந்த இந்தத் திறம், நெருக்கடி வந்தபோது செயலில் காணப்படவில்லை. முதல் உலகப் போரின்போது 1917இல் கட்டாயப் படைசேர்ப்பில் வந்தவர்களைப் போருக்கு அனுப்புவதை எதிர்த்த உளவியலாளர் ஜேம்ஸ் மக்கீன் கேட்டலைக் கொலம்பியா பல்கலைக்கழகம் நீக்க, வரலாற்றாசிரியர் சார்லஸ் பியர்ட் எதிர்ப்புத் தெரிவித்து விலகினார். சங்கமோ 1918இல் வெளியிட்ட அறிக்கையில் போர்க்காலக் கட்டுப்பாடுகள் பலவற்றை ஏற்றுக்கொண்டது. இதைவிடப் பெரிய தவறு கம்யூனிச எதிர்ப்பு வேட்டை நடந்த ஆண்டுகளில் நிகழ்ந்தது. 1949இல் வாஷிங்டன் பல்கலைக்கழகம் மூவரை நீக்கியது. 1950இல், தாம் கம்யூனிஸ்ட் அல்லர் என்று கூறும் விசுவாச உறுதிமொழியில் கையெழுத்திட மறுத்த 31 ஆசிரியர்களைக் கலிபோர்னியா பல்கலைக்கழகம் வெளியேற்றியது. புகார்கள் வந்து குவிந்தன. ஆனால் பொதுச் செயலாளர் ரால்ஃப் ஹிம்ஸ்டெட்டின் காலத்தில் இந்த வழக்குகளைப் பற்றி ஓர் அறிக்கைகூட வெளிவரவில்லை. அவர் 1955இல் மறைந்த பிறகு, 1956இல்தான் சிறப்புக் குழுவின் அறிக்கை வந்தது. அதற்குள் நீக்கப்பட்டவர்களில் பலர் வேறு தொழிலுக்குப் போயிருந்தார்கள். ஒரு சேவையை மதிப்பிடுபவர் இந்தத் தாமதத்தை மன்னிக்க முடியாது.

அப்படியிருந்தும் இந்தச் சங்கத்தைப் பயனற்றது என்று தள்ளிவிட முடியாமல் செய்வது, கல்லூரிகளின் கூட்டமைப்போடு சேர்ந்து அது உருவாக்கிய 1940ஆம் ஆண்டுக் கொள்கை அறிக்கை. அது சொல்வது இது: ஆய்விலும் வகுப்பறையிலும் குடிமகனாகப் பொதுவெளியில் பேசுவதிலும் ஆசிரியருக்குச் சுதந்திரம் உண்டு. தகுதிகாண் காலம் ஏழாண்டுகளுக்கு மேல் நீளக் கூடாது. அதற்குப் பின் தக்க காரணம் காட்டி விசாரித்தே நீக்க வேண்டும். சில பக்கங்களே உள்ள இந்த அறிக்கையை எண்ணற்ற கல்லூரிகள் தங்கள் ஆசிரியர் கையேட்டில் எடுத்துச் சேர்த்துக்கொண்டன. அப்படிச் சேர்த்த இடத்தில் அது ஒப்பந்தத்தின் பகுதியாகி, நீதிமன்றத்திலும் செல்லுபடியாகக் கூடியதாகிறது. சங்கத்துக்குச் சட்டம் தராத வலு இந்த வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

கண்டனப் பட்டியலின் வலு வேறு வகையானது. நியூ ஆர்லியன்ஸ் பல்கலைக்கழகங்கள் கத்ரீனா புயலுக்குப் பின் ஆசிரியர்களை நீக்கிய விதத்தை விசாரித்து, 2007இல் சங்கம் அவற்றுள் சிலவற்றைக் கண்டித்தது. சமூக ஊடகப் பதிவுகளுக்காக ஒரு பேராசிரியரின் நியமனத்தைத் திரும்பப் பெற்ற இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா வளாகம் 2015இல் பட்டியலில் ஏறி, 2017இல் நீங்கியது. பட்டியலிலிருந்து வெளியே வருவதற்காக நிர்வாகங்கள் விதிகளைத் திருத்துகின்றன என்பது உண்மை. அந்தத் திருத்தம் பெரும்பாலும் அடுத்து வரும் ஆசிரியருக்குத்தான் உதவுகிறது. முதலில் புகார் கொடுத்தவருக்கு வேலை திரும்பக் கிடைப்பது அரிது.

தொழிற்சங்கமாகவும் செயல்படுவது என்று 1972இல் எடுத்த முடிவு நெடுநாள் விவாதத்துக்குப் பின் வந்தது. தங்களைத் தொழிலாளர் என்று அழைத்துக்கொள்ளப் பேராசிரியர்களுக்கு இருந்த கூச்சமே அந்த விவாதத்தில் பாதி என்று நினைக்கிறேன். 1980இல் யெஷிவா பல்கலைக்கழக வழக்கில், அங்குள்ள ஆசிரியர்கள் நிர்வாகத்தின் அங்கமே, எனவே தொழிலாளருக்கான சங்க உரிமைச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் கூறியதால், தனியார் பல்கலைக்கழகங்களில் அந்த வழி பெரிதும் அடைபட்டது. 2022இல் சங்கம் அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பு என்ற தொழிற்சங்கத்தோடு இணைந்தது.

இன்று இந்தச் சேவையை நாடுவோர் முதலில் பார்க்க வேண்டியது தங்கள் கல்லூரியின் கையேட்டைத்தான். 1940 அறிக்கையின் வாசகம் அதில் இருந்தால், சங்கத்தின் கடிதம் ஒரு வழக்கறிஞரின் கடிதத்துக்கு ஈடான கனத்தோடு போய்ச் சேரும். அமெரிக்கக் கல்லூரி ஆசிரியர்களில் பெரும்பான்மையினர் இப்போது நிரந்தரப் பணிக்கு வெளியே, பருவத்துக்குப் பருவம் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்திலோ பகுதிநேரத்திலோ இருக்கிறார்கள். அவர்களை நீக்கக் காரணம் காட்டவே தேவையில்லை, புதுப்பிக்காமல் விட்டால் போதும். அவர்களுக்குத் தனிமனிதப் புகாரை விட, வளாகக் கிளையில் சேர்ந்து கூட்டு ஒப்பந்தத்துக்கு முயல்வதே பலன் தரும் என்பது என் கணிப்பு.