தோற்றுப்போன கன்சோல்களுடன் ஆறு ஆண்டுகள்

விற்பனையில் தோற்ற கன்சோல்களின் கேம்களை எமுலேட்டரில், அதாவது பழைய கருவியை வேறொரு கருவியில் போலச்செய்யும் மென்பொருளில், ஆடத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வெர்ச்சுவல் பாய், வெக்ட்ரெக்ஸ், ஜாகுவார் ஆகிய மூன்றில்தான் என் நேரம் பெரும்பாலும் போயிருக்கிறது. கேமின் நகலான ரோம் கோப்பு ஓடிவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பு இவற்றிடம் செல்லாது. இவற்றின் உயிர் திரையிலும் கையில் பிடிக்கும் கன்ட்ரோலரிலும் இருந்தது. அந்த இரண்டையும் கவனிக்காமல் ஆடினால், எல்லாமே மட்டமான கேம்கள் என்றுதான் தோன்றும். முதல் ஆண்டில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வெர்ச்சுவல் பாய் 1995இல் நின்டெண்டோ வெளியிட்டது. கேம் பாயைத் தந்த குன்பெய் யோகோயின் படைப்பு. ஓராண்டுகூட நிற்கவில்லை. மொத்தமே 22 கேம்கள். இரு கண்களையும் வைத்து உள்ளே பார்க்கும் முப்பரிமாணக் கருவி அது. உள்ளே வழக்கமான திரை கிடையாது. ஒவ்வொரு கண்ணுக்கும் 224 சிவப்பு எல்இடிகள் ஒரே கோடாக நிற்கும். எதிரே அதிரும் ஒரு கண்ணாடி அந்தக் கோட்டை 384 கோடுகளாக விரித்து முழுப் படமாக்கும். படத்தின் கறுப்புப் பகுதியில் ஒளியே இருக்காது. எல்சிடி மானிட்டரில் அந்தக் கறுப்பு சாம்பல் பூத்துத் தெரிகிறது. கறுப்பு இடங்களில் ஒளியே விடாத ஓஎல்இடி திரையில் பார்த்த அன்றுதான் அந்த இருட்டின் அழகு பிடிபட்டது.

முப்பரிமாணம் அதைவிட முக்கியம். வேரியோ என்ற பாத்திரமாக ஓடித் தாவும் வேரியோ லேண்ட் கேமில், பின்னணியிலிருந்து நம்மை நோக்கி ஊசலாடி வரும் முள் உருண்டைகள் உண்டு. தட்டையான திரையில் உருண்டை பெரிதாகிச் சிறிதாகிறது, அவ்வளவுதான். எந்த நொடியில் அது வேரியோவின் மேல் படும் என்று சொல்லவே முடியாது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உயிரை விட்டேன். பிறகு கண்ணாடி அணியாமலே முப்பரிமாணம் காட்டும் 3டிஎஸ் கையடக்கக் கருவியில் ரெட் வைப்பர் என்ற எமுலேட்டரை நிறுவி அதே கட்டத்துக்கு வந்தேன். உருண்டை இருக்கும் தூரத்தைக் கண்ணே அளந்து சொல்லிவிட்டது. முதல் முயற்சியிலேயே கடந்தேன். அந்தக் கேமை அமைத்தவர்கள் மனதில் வைத்திருந்தது இதைத்தான். ஆழம் இல்லாமல் அதை ஆடுவது, தாளத்தை எடுத்துவிட்டுப் பாட்டைக் கேட்பதுபோல.

கணினியில்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் மெட்னஃபென் என்ற எமுலேட்டர் நம்பகமானது. மூலக் கருவி நொடிக்குச் சுமார் 50 முறை படத்தைப் புதுப்பிப்பது; 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் நகரும் காட்சிகள் லேசாகத் தத்தித் தத்திப் போகும். மானிட்டரை 100 ஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் எனக்கு அது சரியாகிவிட்டது. கன்ட்ரோலரில் இரண்டு பக்கமும் திசைப் பொத்தான்கள் இருந்ததை மறக்க வேண்டாம். டெலிரோபாக்ஸர் என்ற குத்துச்சண்டை கேமில் இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. வலப்பக்கத்தை அனலாக் குச்சிக்கு ஒதுக்கினால் ஆடலாம், ஆனால் குத்து ஒரு கணம் பிந்துவதுபோலவே இருக்கிறது. இதற்கு நல்ல மாற்று எனக்கு இன்னும் அமையவில்லை.

வெக்ட்ரெக்ஸின் கதை வேறு. 1982இல் வந்தது, 1984இல் முடிந்தது. தன் திரையைத் தானே சுமந்த கன்சோல் அது. தொலைக்காட்சிபோல வரிவரியாகப் படம் வரையாமல், எலக்ட்ரான் கற்றையை நேராக இழுத்துக் கோடு போடும். கோடு திரும்பும் முனையில் கற்றை ஒரு கணம் தங்குவதால் அங்கே ஒளி கூடிப் புள்ளியாக மின்னும். கருவிக்குள்ளேயே இருந்த மைன் ஸ்டார்ம் கேமில் அந்த மின்னல்தான் அழகு. எமுலேட்டர்கள் இதை ஒளிர்வு விளைவாகச் சேர்க்கின்றன. பல நேரங்களில் தேவைக்கு மேல் சேர்த்துப் பனிமூட்டமாக்கிவிடுகின்றன. நான் அதைப் பாதிக்கும் கீழே குறைத்து வைத்திருக்கிறேன். கறுப்பு வெள்ளைத் திரைமேல் பொருத்த ஒவ்வொரு கேமுக்கும் வண்ணத் தகடு வந்தது. அதன் படத்தையும் சேர்த்து ஓட்டினால்தான் கேம் முழுமையாகத் தெரியும்.

ஜாகுவாரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அடாரி 1993இல் வெளியிட்ட அந்தக் கருவியில் டாம், ஜெர்ரி என்ற இரு சிப்களும் ஒரு மோட்டோரோலா 68000ம் ஒரே பாதையில் நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டன. யார் எப்போது காத்திருக்கிறார் என்பதைத் துல்லியமாகப் போலச்செய்வது கடினம். நான் முதலில் பயன்படுத்திய எமுலேட்டரில் பல கேம்கள் ஒலியில்லாமலோ பாதியில் உறைந்தோ போயின. பிக்பீஎமு என்ற எமுலேட்டர் வந்தபின் அந்தத் தொல்லை தீர்ந்தது. கன்ட்ரோலரின் 12 எண் பொத்தான்கள்தான் இடறுகின்றன. டூம் என்ற சுடும் கேமில் ஆயுதம் மாற்றுவதே எண் பொத்தானில்தான். பக்கத்தில் ஒரு சிறிய எண் விசைப்பலகையை வைத்துக்கொண்டேன்.

இழந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு எமுலேட்டரின் புதிய பதிப்புக்கு மாறியபோது, நடுவில் நிறுத்திச் சேமித்த நிலைகள் எதுவும் திறக்கவில்லை. நான்கு மாத ஆட்டம் போயிற்று. அன்றிலிருந்து கேமுக்குள்ளேயே சேமிக்கும் வசதி இருந்தால் அதையும் சேர்த்தே பயன்படுத்துகிறேன், பழைய பதிப்பை நீக்குவதில்லை. வேரியோ லேண்டை இப்போது மூன்றாம் முறையாக, 3டிஎஸ்ஸிலேயே, எல்லாப் புதையலையும் தேடி ஆடிக்கொண்டிருக்கிறேன்.