இடுப்பு வலியும் தியானமும்: நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு வலி போகவில்லை. கீழ்முதுகில் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு (டிஸ்க்) பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று ஸ்கேனில் தெரிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால், இடது பிட்டத்திலிருந்து கால் கட்டைவிரல் வரை இன்றும் சுள்ளென்று இழுக்கிறது.

தொடக்கத்தில் மாத்திரை விழுங்குவதுபோல்தான் தியானம் செய்தேன். இருபது நிமிடம் கண்ணை மூடுவது, திறந்ததும் வலி குறைந்ததா என்று பார்ப்பது. அதுவும் சம்மணமிட்டு! இடுப்பு நோயாளி செய்யக்கூடிய வடிகட்டிய முட்டாள்தனம் அது. செயலியில் பேசிய தேன் குரல் வேறு எரிச்சலைக் கிளப்பியது. மூன்று மாதத்தில் விட்டுவிட்டேன்.

படுத்துக்கொண்டே செய்யலாம் என்று பிறகுதான் தெரிந்தது. தியான ஆசிரியர் ஜான் கபாட்-ஸின் 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியில் முக்கியமான பாடமே அதுதான். மல்லாந்து படுத்து, கால்விரலிலிருந்து உச்சந்தலை வரை ஒவ்வோர் இடமாகக் கவனத்தை நகர்த்த வேண்டும். வலிக்கும் இடம் வந்தால் தாண்டிக் குதிக்கக் கூடாது.

அப்படி வலிக்கும் இடத்திலேயே கவனத்தை நிறுத்திப் பார்த்தபோது, நான் 'வலி' என்று ஒரே சொல்லில் அடைத்து வைத்திருந்தது பல துண்டுகளாகப் பிரிந்தது. நடுவில் ஓர் எரிச்சல், அதைச் சுற்றி மந்தமான குடைச்சல், வந்து வந்து போகும் ஒரு துடிப்பு. இவற்றோடு நானே சேர்த்தவையும் இருந்தன: இறுகிய தாடை, பிடித்து வைத்த மூச்சு, 'காலம் முழுக்க இப்படியே இருந்துவிட்டால்?' என்ற கேள்வி. விடியற்காலை மூன்று மணிக்கு என்னை விழிக்க வைத்தது நரம்பைவிட அந்தக் கேள்விதான். முதலில் தளர்ந்ததும் அதுவே. அதற்கே ஏறக்குறைய ஐந்து மாதம் பிடித்தது.

நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 342 பேரிடம் இந்த எட்டு வாரப் பயிற்சியைச் சோதித்த ஆய்வு ஒன்று 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. 26 வாரங்களில், பயிற்சி பெற்றவர்களில் சுமார் 60 சதவீதத்தினருக்கு அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டிருந்தது. வழக்கமான சிகிச்சையை மட்டும் தொடர்ந்தவர்களில் அது 44 சதவீதம். அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றுவிக்கும் உளவியல் சிகிச்சை) பெற்றவர்களும் தியானம் செய்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகவே தேறினார்கள். ஆக, இது ஒன்றுதான் வழி என்பதில்லை. நூற்றில் நாற்பது பேருக்கு இது போதவுமில்லை. நான் இயன்முறைப் பயிற்சிகளையும் விடாமல் செய்கிறேன். எனக்குக் கிடைத்த பலனில் எது எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

தசை பிடித்துக்கொள்ளும் நாட்களில் இது உதவுவதே இல்லை. ஒருமுறை வலி உச்சத்தில் இருந்தபோது வீம்பாக அதையே கவனித்துக்கொண்டிருந்தேன். கவனம் அங்கேயே ஒட்டிக்கொண்டு வலி இரட்டிப்பானதுபோல் இருந்தது. இப்போது அத்தகைய நாட்களில் மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கவனத்தை உள்ளங்கைகளுக்கு மாற்றிவிடுகிறேன். அங்கே வலி இல்லை, வெதுவெதுப்பு மட்டும்தான். கால் பலவீனமானாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ தியானத்தில் உட்காராதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நாற்பத்தைந்து நிமிடப் பயிற்சி இப்போது பதினைந்தாகச் சுருங்கிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் தவறவும் செய்கிறது. 'வலி குறைந்ததா?' என்று கேட்பதை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். 'தூங்கினாயா?' என்றுதான் கேட்கிறார்கள். பெரும்பாலான நாட்களில், தூங்கியிருக்கிறேன்.