மான் வேட்டைக்கு செமி ஆட்டோவா, போல்ட்டா?

செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கேன்டனில் இருக்கும் தம்பி ஒருவன் போன் செய்தான். “அண்ணே, கிரீன் கார்டு வந்துடுச்சு. இந்த வருஷம் மான் வேட்டைக்கு நானும் வர்றேன். செமி ஆட்டோ ரைபிளே வாங்கிடட்டுமா? ஒண்ணு தப்பினாலும் அடுத்தது ரெடியா இருக்கும்ல?”

விசாவில் இருந்தபோதே அவன் வந்திருக்கலாம். விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்காவின் பொதுச் சட்டம். ஆனால் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. இருந்தாலும் விசா நாட்களில் எவன் அந்த வம்புக்குப் போவான்? ஊரில் மானைத் தொட்டால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். மிச்சிகனில் நவம்பர் 15 என்பது திருவிழா. அன்று எந்தக் கிழமையாக இருந்தாலும் துப்பாக்கி சீசன் தொடங்கிவிடும், ஆபீசில் பாதிப் பேர் லீவு.

போல்ட், லீவர், பம்ப், செமி ஆட்டோ என்று, தோட்டாவை ஏற்றும் விதத்தில் வேறுபடும் நான்கு வகை ரைபிளையும் தோளில் வைத்துச் சுட்டிருக்கிறேன். சில என்னுடையவை, சில இரவல். அவனுக்கு போனில் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். செமி ஆட்டோ என்றால் விசையை அழுத்திப் பிடித்தால் சடசடவென்று பொழியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஓர் அழுத்தத்துக்கு ஒரு தோட்டாதான். காலி உறையை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலையைத் துப்பாக்கியே செய்துகொள்ளும். பெரும்பாலானவற்றில், தோட்டா வெடித்துப் பேரலில் பாயும் வாயுவில் கொஞ்சம் ஒரு சிறு துளை வழியாகப் பிரிந்து போய் போல்ட்டை, அதாவது தோட்டாவுக்குப் பின்னால் அடைத்துப் பூட்டும் இரும்புப் பாகத்தை, பின்னால் தள்ளும். போல்ட் ஆக்‌ஷனில் அதே வேலையை உங்கள் கை செய்கிறது: தூக்கு, இழு, தள்ளு, இறக்கு. இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் மற்ற எல்லாம் கிளைக்கின்றன.

வேட்டைக்காட்டில் செமி ஆட்டோ நேற்று வந்ததும் இல்லை. ஜான் பிரவுனிங் வடிவமைத்த ரெமிங்டன் மாடல் 8 விற்பனைக்கு வந்தது 1906இல். 1967இல் வந்த பிரவுனிங் பிஏஆர் இன்னும் கடைகளில் இருக்கிறது. (முதல் உலகப்போர்க் காலத்து ராணுவ பிஏஆர் வேறு. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம்.)

இரண்டாவது தோட்டா என்ன செய்யும்?

தம்பியின் வாதம் இதுதான், கடைக்காரர்களின் வாதமும் இதுதான். கேட்க நன்றாக இருக்கும். காட்டில் நடப்பது வேறு.

மிச்சிகன் காடு அடர்த்தியானது. நான் சுட்ட மான்களில் பெரும்பாலானவை நூறு கஜத்துக்குள்தான் நின்றன. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் எட்டு அங்குலம், ஒரு டிபன் தட்டு அகலம். நூறு கஜத்தில் ஒழுங்கான எந்த ரைபிளின் குண்டும் அந்தத் தட்டுக்குள் தாராளமாக விழும். போல்ட்தான் துல்லியம், செமி ஆட்டோ சுமார் என்ற பழைய பேச்சுக்கு இந்தத் தூரத்தில் அர்த்தமே இல்லை.

முதல் குண்டு தப்பியது என்று வைத்துக்கொள்வோம். மான் எகிறும், திரும்பும், இரண்டு மூன்று நொடியில் புதருக்குள் போய்விடும். உங்களுக்குத் தெரிவது தூக்கிய வெள்ளை வால் மட்டும். வெண்வால் மான் என்று பெயர் வந்ததே அதனால்தானே. செமி ஆட்டோவில் அந்த நேரத்துக்குள் இரண்டு முறை சுடலாம், உண்மை. எதைச் சுடுவது? ஸ்கோப் குதித்து, மறுபடி மானைத் தேடிப் பிடிக்க ஆகும் நேரம் எல்லாத் துப்பாக்கிக்கும் ஒன்றுதான். பழகிய கை அந்த இடைவெளியிலேயே போல்ட்டை இழுத்து மூடிவிடும். முதல் குண்டு சரியாகப் பட்டிருந்தாலும் மான் ஐம்பது நூறு கஜம் ஓடித்தான் விழும். ஓடுவதைப் பார்த்ததும் பதற்றத்தில் இன்னும் இரண்டு விட்டால் தொடைக்கறி பாழாவதுதான் மிச்சம்.

வேட்டைக் கூடாரங்களில் ஒரு பேச்சு உண்டு. தூரத்தில் ஒரு வெடி கேட்டால் மான். இரண்டு கேட்டால் ஒருவேளை மான். மூன்று கேட்டால் மான் இல்லை.

இரண்டாவது தோட்டா கைகொடுக்கும் இடம் இல்லாமலும் இல்லை. முதல் குண்டு சற்றுப் பிசகி, அடிபட்ட மான் தடுமாறி நிற்கிறது. அப்போது ஒரு நொடி முந்துவது அதற்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. டெக்சஸில் காட்டுப்பன்றி கூட்டமாக வரும், இத்தனைதான் சுடலாம் என்ற கணக்கும் கிடையாது. அங்கே செமி ஆட்டோவை எதிர்த்து நான் வாயே திறக்க மாட்டேன். மிச்சிகனில் பரண் மேல் உட்கார்ந்து ஒற்றை மானுக்காகக் காத்திருப்பது அந்த மாதிரி வேலை இல்லை.

ஒரு வறட்டுக் கிளிக்

என் கதையைச் சொல்கிறேன். மேக்கினா பாலத்தைத் தாண்டி மிச்சிகனின் வடபகுதியான அப்பர் பெனின்சுலாவில், நவம்பர் 15 காலை, நல்ல உறைபனி. கையில் இரவல் செமி ஆட்டோ. பரணில் ஏறும்போது துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. காலியாகக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொண்டு, உட்கார்ந்த பிறகுதான் ஏற்ற வேண்டும். காடு அப்போது எவ்வளவு அமைதி தெரியுமா? என் ஜாக்கெட் உரசும் சத்தமே எனக்குக் கூச்சமாக இருந்தது.

செமி ஆட்டோவின் போல்ட்டைப் பின்னால் இழுத்து அப்படியே விட்டுவிட வேண்டும். அதன் ஸ்பிரிங் முழு வேகத்தில் அறைந்து மூடும். அந்தச் சத்தம் இரும்புக் கதவைச் சாத்துகிற சத்தம். எனக்கு மனசு வரவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாக, மெதுவாக முன்னால் விட்டேன். பூனை மாதிரி மூடியது. பெருமையாக இருந்தது.

ஏழு மணிக்கு மேல் எட்டு கிளைக் கொம்போடு ஒரு ஆண் மான் நாற்பது கஜத்தில் வந்து பக்கவாட்டில் நின்றது. சேஃப்டியைத் தள்ளினேன். விசையை அழுத்தினேன். கிளிக். அவ்வளவுதான். மான் தலையைத் தூக்கிப் பார்த்தது, நானும் பார்த்தேன், அது ஓடக்கூட இல்லை, நடந்தே போயிற்று.

குளிரில் எண்ணெய் இறுகியிருந்தது. நான் தாலாட்டி மூடியதால் போல்ட் முழுதாக மூடுவதற்கு ஒரு மயிரிழை இருக்கும்போதே நின்றுவிட்டது, பூட்டவில்லை. பூட்டாத நிலையில் தோட்டா வெடிக்காதபடி இருப்பது பாதுகாப்புதான். தப்பு என்னுடையது. ஆனால் போல்ட் ஆக்‌ஷனில் இந்தத் தப்பைச் செய்வது கஷ்டம். கைப்பிடி கீழே இறங்கினால் பூட்டியாயிற்று, இறங்காவிட்டால் கண்ணுக்கே தெரியும். சத்தமில்லாமல் ஏற்றலாம், சத்தமில்லாமல் இறக்கலாம். பிரிப்பதும் சுலபம்: போல்ட்டை உருவி எடுத்தால் பேரலைப் பின்பக்கமிருந்தே துடைக்கலாம். வாயுவில் இயங்கும் செமி ஆட்டோவில் கரி படிகிற இடங்கள் அதிகம், எண்ணெய் கொஞ்சம் கூடினாலும் குளிரில் கூழாகும்.

புதியவனுக்கு இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். செமி ஆட்டோவில் முதல் குண்டு போனதும் அடுத்தது தானாக ஏறி, சேஃப்டியும் திறந்தே இருக்கும். முதல் மானைச் சுட்டவன் என்ன செய்வான்? கத்துவான், இறங்குவான், ஓடுவான். கையில் இருப்பது ஏற்றிய துப்பாக்கி என்பது அப்போது அவன் நினைவில் இருக்காது. போல்ட்டில் அடுத்த தோட்டாவை அவனே ஏற்றினால்தான் உண்டு.

உதைப்பு

இவ்வளவு சொன்ன பிறகும் செமி ஆட்டோவை நான் தள்ளிவிடவில்லை. அதன் நிஜமான பலம் வேறு இடத்தில் இருக்கிறது, விளம்பரங்களில் அது இரண்டாம் பட்சமாகத்தான் வரும். சுடும்போது துப்பாக்கி தோளில் கொடுக்கும் உதைப்பு குறைவு. வாயுவில் ஒரு பங்கு போல்ட்டைத் தள்ளப் போவதாலும், உள்ளே நகரும் பாகங்கள் அந்த அடியைச் சற்று நேரத்துக்குப் பரப்பிவிடுவதாலும், அதே முப்பது-நாட்-சிக்ஸ் (.30-06) தோட்டா போல்ட்டில் குத்தாகவும் செமி ஆட்டோவில் தள்ளலாகவும் தெரியும். துப்பாக்கியின் எடையும் இதற்கு உதவுகிறது. அதே எடையைக் காட்டுக்குள் சுமந்து நடப்பதும் நீங்கள்தான் என்பது வேறு விஷயம்.

புதியவர்கள் குறி தவறுவதற்கு முக்கியக் காரணம் உதைப்புக்குப் பயந்து விசையை அழுத்தும் முன்பே தோளைச் சுருக்கிக் கண்ணை மூடுவது. முதல் குண்டை ஒழுங்காக வைக்க ஒரு துப்பாக்கி உதவுமென்றால் அதுதான் பெரிய லாபம். செமி ஆட்டோ கொடுக்கும் உருப்படியான லாபம் இதுதான் என்பது என் கட்சி. ஆனால் அதே லாபத்தைச் சிறிய தோட்டாவிலும் எடுக்கலாம். .243 அல்லது 6.5 கிரீட்மோர் போல்ட் ரைபிளின் உதைப்பு பெரிய செமி ஆட்டோக்களோடு போட்டி போடும், மானுக்கும் தாராளமாகப் போதும். விலையையும் பாருங்கள். நல்ல போல்ட் ரைபிள் 600 டாலருக்குள் கிடைக்கும். பிஏஆர் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்.

ராணுவ ரைபிள் சாயலில் இருக்கும் செமி ஆட்டோவான ஏஆர்-15 பற்றிக் கேட்பீர்கள். அந்த ‘ஏஆர்’ வடிவமைத்த ஆர்மலைட் நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம், ‘அசால்ட் ரைபிள்’ இல்லை. பழைய மரக்கட்டை செமி ஆட்டோக்கள் பலவற்றைவிடத் துல்லியமானது, பின்கட்டையை ஆளுக்குத் தக்க நீட்டிக் குறுக்கலாம். உதைப்பு இல்லை என்றே சொல்லலாம். அதன் வழக்கமான .223 தோட்டா மானுக்குச் சிறியது. வர்ஜீனியாவிலும் கொலராடோவிலும் அந்த அளவில் மானைச் சுடவே கூடாது. தோட்டாக்களை அடுக்கும் கூடான மேகசின் குட்டை என்பதால் .308 மாதிரி நீளத் தோட்டா உள்ளே போகாது, அதற்கு ஏஆர்-10 என்ற பெரிய உடம்பு வேண்டும். இந்தக் குட்டைக்குள் அடங்குமாறு செய்யப்பட்டவைதான் 6.5 கிரெண்டல், 350 லெஜண்ட், 450 புஷ்மாஸ்டர் எல்லாம். ஏஆர் வாங்கினால் இவற்றில் ஒன்றோடு வாங்குங்கள்.

பேரலுக்குக் கீழுள்ள பிடியைப் பின்னும் முன்னும் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் வகை, மானைத் துரத்தித் தடம் பிடிப்பவர்களுக்கு. வெர்மான்ட்டில் தடம் பார்த்து வேட்டையாடியே பெயர் வாங்கிய லாரி பெனாய்ட் கையில் இருந்தது ரெமிங்டன் 760 பம்ப்தான். பென்சில்வேனியாவில் அதற்குப் பட்டப்பெயர் ‘ஆமிஷ் மெஷின் கன்’. ஆமிஷ்காரர்கள் நவீன இயந்திரங்களை ஒதுக்கி வாழும் மக்கள். அங்கே மானுக்கு செமி ஆட்டோ ரைபிள் கூடாது என்பதால் கையால் இழுக்கும் இதில் வேகம் காட்டுகிறார்கள், அந்தக் கிண்டல். விசையைச் சுற்றியுள்ள வளையத்தை இறக்கி ஏற்றி இயக்கும் லீவர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: மெலிதானது, அழகானது, புதருக்குள் தூக்கிப் போக அதைப்போல் வேறில்லை. வின்செஸ்டர் 94ஐ நான் வைத்திருப்பதில் பாதி காரணம் பார்த்து ரசிக்க.

சட்டம் என்றதும் பென்சில்வேனியா கதையை முடித்துவிடுகிறேன். வேட்டையில் செமி ஆட்டோ ரைபிளை அனுமதிக்க 2016இல் சட்டமன்றம் வழிவிட்டது. வேட்டை ஆணையம் வேட்டைக்காரர்களிடமே கருத்துக் கேட்டது. பெரும்பான்மையோர் மானுக்கு வேண்டாம் என்றார்கள். 2017இல் சிறு விலங்குகளுக்கு மட்டும் அனுமதி வந்தது. மிச்சிகனில் செமி ஆட்டோவுக்கு ஆறு தோட்டாக் கணக்கு, பேரலில் இருப்பதையும் சேர்த்து; ஏஆர்காரர்கள் சின்ன மேகசின் தனியாக வாங்க வேண்டும். ஜெர்மனியில் பேரலில் இருப்பதையும் சேர்த்து மூன்றுக்கு மேல் கூடாது. பிரிட்டனில் பெரிய தோட்டா செமி ஆட்டோ ரைபிள்களுக்கு 1988இலிருந்து தடை. நியூசிலாந்து 2019இல் கிறைஸ்ட்சர்ச் படுகொலைக்குப் பிறகு பெரும்பாலானவற்றைத் தடை செய்தது. அங்கெல்லாம் மான் வேட்டை போல்ட் ரைபிளில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அக்டோபர் முதல் சனிக்கிழமை தம்பியைச் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்கு அழைத்துப் போனேன். மூன்று துப்பாக்கி எடுத்துப் போனோம்: .30-06 போல்ட், நண்பர் கொடுத்த .308 பிஏஆர், ஒரு .243 போல்ட். ஒவ்வொன்றின் மேகசினிலும் அவனுக்குத் தெரியாமல் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு பொய்த் தோட்டா வைத்தேன். அது வரும்போது சத்தம் இருக்காது, உதைப்பும் இருக்காது, ஆள் செய்கிற கோளாறு மட்டும் அப்படியே தெரியும்.

.30-06இல் பொய்த் தோட்டா வந்தபோது பேரல் முனை இரண்டு அங்குலம் கீழே குத்தியது. அவனே சிரித்துவிட்டான். பிஏஆரில் லேசாக ஒரு நடுக்கம். .243இல் கிளிக் என்றது, முனை அசையவில்லை. போய்ப் பார்த்தால் தாளில் நான்கு ஓட்டையும் ஒரு சப்பாத்திக்கட்டை தடிமனுக்குள்.

“இது யாரோடதுண்ணே?” என்றான்.

“பாப்பாவுக்கு பன்னிரண்டு வயசுல வாங்கினது. இப்ப காலேஜ்ல இருக்கா.”

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் கேட்டான்: “நவம்பர்ல பாப்பாவுக்கு இது வேணுமாண்ணே?”