‘மார்த்தாண்டம் தேன்மெழுகு’ ஸ்டிக்கரை நம்பாதீர்கள்: ஃப்ளை கட்டுகிறவர்கள் கவனத்துக்கு

நாகர்கோவிலில் தூண்டில் சாமான் விற்கும் ஒரு கடையில், ஃப்ளை (தூண்டில் முள்ளில் ரோமம், இறகு வைத்து நூலால் சுற்றிக் கட்டும் செயற்கை இரை) கட்டுவதற்கென்றே மெழுகு இறக்கியிருக்கிறார்கள். கடைப் பெயரை எழுதப்போவதில்லை. சரக்கின் அடையாளம் சொல்கிறேன், பார்த்தால் விலகிக்கொள்ளுங்கள். ஒன்று, மஞ்சள் ஜிகினாத் தாளில் சுற்றிய சதுரக் கட்டி. மேலே தேனீப் படம் போட்டு, ‘சுத்தமான மார்த்தாண்டம் தேன்மெழுகு, புவிசார் குறியீடு பெற்றது’ என்று ஸ்டிக்கர். 50 கிராம் 350 ரூபாய். இன்னொன்று, திருகினால் மெழுகு மேலே வரும் பிளாஸ்டிக் குழல். நூலில் ரோமம் ஒட்டுவதற்கான இம்போர்ட்டட் டப்பிங் மெழுகாம், 600 ரூபாய். இரண்டையும் வாங்கினேன். இரண்டுமே ஏமாற்று.

முதலில் அந்த ஸ்டிக்கர். மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. கிடைத்தது தேனுக்கு, மெழுகுக்கு அல்ல. ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் 1920களில் அங்கே பெட்டித் தேனீ வளர்ப்பைப் பரப்பிய காலத்திலிருந்து ஊர் சம்பாதித்து வைத்த பேர் அது. அதை ஒருவர் ஜிகினாத் தாளில் ஒட்டி விற்கிறார்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நம்ம பக்கம் பெட்டியில் வளர்ப்பது பெரும்பாலும் இந்தியத் தேனீ. ரப்பர் தளிர்க்கும் பருவத்தில் தேன் எடுக்கும்போது அடையை இயந்திரத்தில் சுழற்றித் தேனை வடித்துவிட்டு, வெற்று அடையைத் திரும்பப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். ஒரு கிலோ மெழுகு சுரக்கத் தேனீ பல கிலோ தேனைத் தின்றாக வேண்டும். அதனால் நல்ல அடையை உருக்க யாருக்கும் மனம் வராது. கிடைப்பதெல்லாம் மூடி சீவிய மெழுகும் (தேன் அறைகளை மூடியிருக்கும் மெல்லிய மெழுகு), கறுத்துப்போன பழைய அடையும்தான். வரத்தே குறைவான ஒரு பொருளை ஒரு கடை அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக இறக்குகிறது என்றால், அத்தனை அடை எங்கிருந்து வந்தது?

ஃப்ளை கட்டிப் பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மெழுகுக்கு இரண்டு வேலை. வெறும் முள்ளின் தண்டில் முதல் சுற்று நூல் வழுக்காமல் பிடிக்க வேண்டும். அதற்குக் கெட்டி மெழுகு. முயல் ரோமம் மாதிரியான டப்பிங்கை நூலில் ஒட்டித் திரிக்க வேண்டும். அதற்குப் பிசுபிசுப்பான இளக மெழுகு. இப்போது வரும் நூல்களில் பலவும் மெழுகு பூசியே வருகின்றன. அந்த நூலில் கடலுக்கு ஒரு கிளவுசர் (கனமான கண் வைத்த ஒரு வகை ஃப்ளை) கட்ட வேறு மெழுகே வேண்டாம், கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. ஆனால் ஜி.எஸ்.பி. என்கிற பாலிஎத்திலீன் நூல் பயங்கர வழுக்கல். பட்டு நூல் தண்ணீரை உறிஞ்சும். இந்த இரண்டுக்கும் நல்ல மெழுகு இல்லாமல் ஆகாது.

அந்தக் கட்டியில் நூலை வைத்து இழுத்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. தேன்மெழுகில் நூலை இழுத்தால் ஒரு பிடிப்பு விரலுக்குத் தெரியும். இது வழுக்கிக்கொண்டு போனது, வெள்ளைத் தூளாக உதிர்ந்தது. இருக்கட்டும் என்று கட்டிய ஒரு ஃப்ளையை மணக்குடிப் பொழியில் (ஆறு கடலில் சேரும் இடம்) போட்டேன். ஒரு சின்னப் பாரைதான் அடித்தது, ஃப்ளையின் உடம்பு முழுசாக முள்ளைச் சுற்றித் திரும்பிக்கொண்டது. வீட்டுக்கு வந்து கட்டியில் ஒரு துணுக்கைத் திரிபோட்டுக் கொளுத்தி அணைத்தேன். தேன் வாசனை துளியும் இல்லை, மெழுகுதிரி வாடை மட்டும்தான். பாரஃபின். மஞ்சள் நிறம் போட்ட பாரஃபின்.

குழல் இன்னும் மோசம். பைக் பெட்டிக்குள் ஒரு மத்தியானம் இருந்ததற்கே எண்ணெய் தனியாக, மெழுகு தனியாகப் பிரிந்து பை முழுவதும் வழிந்திருந்தது. அதைப் பூசிக் கட்டிய ஃப்ளையின் தலையில் வைத்த வார்னிஷ் காயவே இல்லை, நகத்தால் தொட்டதும் தோலாக உரிந்து வந்தது.

திரும்பக் கொண்டுபோனால் கடைக்காரர் அசரவில்லை.

“அண்ணாச்சி, இது ஒரிஜினல் சாதனமாக்கும். நீங்க கட்டுகதுலதான் என்னமோ குறை.”

குழலைக் காட்டினேன். “நம்ம ஊரு சூட்டுக்கு எந்த மெழுகும் உருகத்தான செய்யும்?” என்றார்.

உருகாது. தேன்மெழுகு உருக 62 முதல் 64 டிகிரி வேண்டும். நம்ம ஊர் வெயிலில் கையில் பிசையும் அளவுக்கு இளகும், அவ்வளவுதான். டப்பிங் மெழுகு அதைவிட இளகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இளகுவது வேறு, இரண்டாகப் பிரிந்து நிற்பது வேறு. கலக்கத் தெரியாத யாரோ கலந்து குழலில் ஊற்றியிருக்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “வேற சாமான் எடுத்துக்கிடுங்க” என்றார். வாங்கும்போது பில் கேட்டேன். தொகையை மட்டும் எழுதிய துண்டுச்சீட்டைத் தந்திருந்தார்.

அந்தக் குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் ஒரு எழுத்து இல்லை. பொட்டலம் போட்டு விற்கும் சரக்கில் தயாரித்தவர் அல்லது பொட்டலம் கட்டியவரின் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம், வருடம், புகாருக்கான தொடர்பு எல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கென்றால் எந்த நாடு, இறக்குமதி செய்தது யார் என்பதும் வேண்டும். இதைப் பார்ப்பது தொழிலாளர் துறையின் வேலை. பலருக்கு இது தெரிவதில்லை, நுகர்வோர் நீதிமன்றம் ஒன்றையே நினைத்து மலைத்துவிடுகிறார்கள். நான் சரக்கின் படங்களோடு தொழிலாளர் துறையில் எழுதிக் கொடுத்தேன், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்தேன். சரியான பில் இல்லாவிட்டாலும் ஜிபே செய்த விவரம் போனில் இருக்கிறது, அதையும் சேர்த்தேன்.

சரி, கடையில் நிற்கும்போதே எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு துணுக்கை விரலிடையில் வைத்துப் பிசையுங்கள். தேன்மெழுகு உடம்புச் சூட்டுக்கு இளகிப் பிசைபடும். பாரஃபின் முதலில் துகளாக உடையும், விரல் வழவழக்கும். உடைந்த இடத்தைப் பாருங்கள்: தேன்மெழுகு மங்கலாக, பொடிமணல் அமைப்பில் இருக்கும், பாரஃபின் ஒளி ஊடுருவுகிற மாதிரி பளபளக்கும். பழைய தேன்மெழுகின் மேல் வெண்சாம்பல் பூத்திருந்தால் பயப்படாதீர்கள், அது கெட்டுப்போனதல்ல. துணியால் தேய்த்தால் போய்விடும். விலை அதிகம் என்பதும் நிறம் மஞ்சள் என்பதும் எதற்கும் அத்தாட்சி இல்லை.

வீட்டில் செய்ய இன்னும் உறுதியான சோதனை ஒன்று உண்டு. நிச்சயமாக நல்லதென்று தெரிந்த மெழுகுத் துணுக்கு ஒன்று வேண்டும். அதைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கிக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் துணுக்கு மெல்ல மூழ்கும். அங்கே நிறுத்திவிட்டு, சந்தேகமான துணுக்கைக் காற்றுக்குமிழி ஒட்டாமல் போடுங்கள். தேன்மெழுகின் அடர்த்தி 0.95க்கு மேல், பாரஃபின் 0.90 பக்கம். பாரஃபின் கலந்தது மிதந்துகொண்டே நிற்கும். என் ஜிகினாக் கட்டி ஜோராக மிதந்தது. ஸ்பிரிட் எரியும் சரக்கு, அடுப்பு பக்கத்தில் வைத்துச் செய்யாதீர்கள்.

இப்போது நான் மெழுகு வாங்குவது குலசேகரம் பக்கம் பெட்டி வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம். மூடி சீவிய மெழுகை வெந்நீரில் உருக்கி, துணியில் வடிகட்டி, என் கண் முன்னாலேயே ஊற்றித் தருகிறார். நூலுக்கு அது அப்படியே போதும். டப்பிங்குக்கு வயலின் வில்லில் பூசும் ரோசினைச் சேர்த்து நானே காய்ச்சிக்கொள்கிறேன்: மெழுகு 4 பங்கு, ரோசின் 2 பங்கு, விளக்கெண்ணெய் அரைப் பங்கு. குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லும் அளவுக்கு எண்ணெய் விட்டால் இங்கே கூழாகிவிடும். ரோசின் இளக நேரமாகும் என்பதால் அது முதலில், மெழுகு அப்புறம். நேரடித் தீயில் வைக்கக் கூடாது, கொதிக்கும் தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துத்தான். ரோசின் சிலருக்குத் தோலில் அரிப்பு கொடுக்கும், முதலில் கொஞ்சமாகத் தொட்டுப் பாருங்கள். பூசும்போதும் ஒரு விரல் நீள நூலில் லேசாக ஒரு இழுப்பு போதும். தலை முடிச்சுக்கு வரும் நூலில் மெழுகே வேண்டாம், வார்னிஷ் பிடிக்காது.

அந்த ஜிகினாக் கட்டி, குழல் இரண்டையும் புகாருக்காக எடுத்து வைத்திருக்கிறேன். இதே சரக்கை வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் உறையைக் கிழித்துப் போட்டுவிடாமல், படம் எடுத்து நீங்களும் 1915இல் பதியுங்கள்.