யூரோப்பாவா, டைட்டனா?

விஞ்ஞானக் கண்காட்சிக்கு கற்பனை வேற்றுலக உயிரினத்தின் மாதிரி படைக்க விரும்பும் ஹட்டன், நுவரெலியா மாணவர்கள் பலர் வியாழனின் யூரோப்பா, சனியின் டைட்டன் என்ற இந்த இரண்டு துணைக்கோள்களுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள். சூழல்தான் உடலைச் செதுக்குகிறது. ஹோர்ட்டன் சமவெளியில் காற்றடித்துக் குட்டையாகி வளைந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

திரவம்
யூரோப்பா: பனி ஓட்டின் கீழ் உப்புக் கடல் இருப்பதற்கு வலுவான சான்றுகள் உண்டு.
டைட்டன்: மீதேன், ஈதேன் ஏரிகள், ஏறத்தாழ −179 பாகை செல்சியஸ். உயிரணுவின் சவ்வையே புதிதாக யோசிக்க வேண்டும்.

உடல்
யூரோப்பா: வெளிச்சம் எட்டாத கடல். கண் வேண்டாம், தொடுகையும் மோப்பமும் போதும்.
டைட்டன்: எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஈர்ப்பு பூமியினதில் ஏழில் ஒரு பங்கு. காற்றோ பூமியைவிட அடர்த்தி. சிறிய சிறகே தூக்கிவிடும். மீதேன் மழைத்துளிகள் நம் மழைத்துளிகளைவிடப் பெரிதாக, மிக மெதுவாக இறங்கும். நனைந்த சிறகோடு உங்கள் உயிரினம் எப்படி எழும்பும்? இந்தக் கேள்வியிலேயே பாதி உருவம் கிடைத்துவிடும்.

செலவு
இரண்டுக்கும் ரெஜிபோமும் களிமண்ணும் போதும்.

நடுவர்களிடம் சான்றோடு வாதாட விரும்பினால் யூரோப்பா. 2024 இல் புறப்பட்ட யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030 இல் வியாழனை அடையவிருக்கிறது. வேதியியலில் பிடிப்பும் துணிச்சலும் உள்ள அணி டைட்டனையே எடுக்கட்டும்.