வங்கிக் கிளைக்காக நில வகைப்பாட்டை மாற்றுவதா? சேலம் மாமன்றம் எடைபோட வேண்டிய வழிகள்

சேலம் மாநகராட்சியின் 60 வார்டுகளில் வீடும் கடையும் தனித்தனியே ஒதுங்கி நிற்கும் பகுதிகள் குறைவு. செவ்வாய்ப்பேட்டையிலும் குகையிலும் கீழே கடை, மேலே வீடு என்பது தலைமுறைகளாக இருந்துவரும் வழக்கம். அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ், சுவர்ணபுரி போன்ற இடங்களோ குடியிருப்புகளாகவே வளர்ந்தவை. இன்று அவற்றின் முக்கியச் சாலைகளில் மருத்துவமனைகளும் கடைகளும் நிரம்பியிருந்தாலும், உள்தெருக்களில் இன்னும் மாலை வேளையில் திண்ணையில் உட்கார்ந்து பேச முடிகிறது. அத்தகைய ஓர் உள்தெருவின் மூலைமனையில் வங்கிக் கிளை அமைக்க வேண்டும், அதற்காக அந்த மனையைக் குடியிருப்பிலிருந்து வணிகத்துக்கு மாற்றித் தர வேண்டும் என்று விண்ணப்பம் வந்தால் மாமன்றம் என்ன செய்வது என்பதே இங்கு அலசப்படும் கேள்வி.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971இன்படி முழுமைத் திட்டத்தில் ஒரு நிலத்துக்கு எந்தப் பயன்பாடு குறிக்கப்பட்டுள்ளதோ அதற்கு ஒத்துத்தான் கட்டடம் எழுப்ப முடியும். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சிறிய அளவிலான சில பயன்பாடுகளைக் குடியிருப்பு வகையிலேயே ஏற்கின்றன. பெட்டக அறை, நகைக்கடன் பிரிவு, ஏடிஎம் எல்லாம் சேர்ந்த முழுக் கிளை அந்த வரம்பைத் தாண்டும்போதுதான் வகைப்பாட்டு மாற்றம் தேவைப்படுகிறது. மாமன்றத் தீர்மானம் அதில் இறுதி ஆணை அன்று. திட்டக் குழுமம், நகர் ஊரமைப்பு இயக்ககம் என மேலே படிகள் உண்டு. ஆனாலும் அந்தத் தெருவை நேரில் அறிந்தவர்கள் பேசக்கூடிய ஒரே படி மாமன்றம் என்பதால், அங்கே எழுதப்படும் வாசகத்துக்குத் தனிக் கனம் இருக்கிறது. அரசமைப்பின் 12ஆம் அட்டவணை நகரத் திட்டமிடலை முதல் இனமாகவும், நிலப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்துவதை இரண்டாம் இனமாகவும் நகராட்சி அமைப்புகளுக்குரியதாகக் குறிப்பிடுவதை மாமன்ற உறுப்பினர்கள் மறக்கக் கூடாது.

முதலில் கிளையின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். கைப்பேசியிலேயே எல்லாம் நடக்கும் காலத்தில் கிளை எதற்கு என்று கேட்பவர்கள், மாதத் தொடக்கத்தில் ஓய்வூதியர்கள் கணக்குப் புத்தகத்தைப் பையில் சுற்றிக்கொண்டு வருவதையும், நவம்பரில் உயிர்வாழ் சான்றுக்காக நிற்கும் வரிசையையும் பார்த்திருக்க மாட்டார்கள். கொலுசுப் பட்டறை வைத்திருப்பவருக்கு வெள்ளி வாங்கப் பணம் முடைப்படும்போது வீட்டு நகைதான் கைகொடுக்கிறது. மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசிப் பார்த்து, எடைபோட்டு, உறையிலிட்டு முத்திரை வைக்கும் வேலை எந்தச் செயலியிலும் நடக்காது. அந்த நகையைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போகும் தொலைவு குறைவாக இருக்க வேண்டும் என்று ஒரு பெண் நினைப்பதில் எந்தத் தவறும் இல்லை.

முதல் வழி, கேட்ட மனைக்கு மட்டும் வணிக வகைப்பாடு கொடுப்பது. விண்ணப்பதாரருக்கு இது எளிது; மாநகராட்சிக்கும் சொத்துவரி கூடும். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சீராய்வில் வணிகக் கட்டடங்களுக்கான வரி 100 விழுக்காடு உயர்த்தப்பட்டதை நினைத்தால் இந்த ஈர்ப்பு புரியும். ஆனால் இந்த வழியின் கோளாறு அடியிலேயே இருக்கிறது. வங்கி அந்த இடத்தில் வாடகைக்குத்தான் இருக்கப்போகிறது. ஒப்பந்தம் முடிந்தாலோ, இரண்டு வங்கிகள் இணைந்து பக்கத்துப் பக்கத்துக் கிளைகளில் ஒன்று மூடப்பட்டாலோ, அது போய்விடும். வகைப்பாடு போகாது. மாமன்றம் வங்கியை மனத்தில் வைத்துக் கொடுத்த அனுமதி, அடுத்து வரும் ஜவுளிக்கடைக்கும் உணவு விடுதிக்கும் அப்படியே கைமாறும்.

இதைவிட முக்கியமான ஒன்று விவாதங்களில் எழுவதே இல்லை. 2003ஆம் ஆண்டின் மதுபானச் சில்லறை விற்பனை விதிகளின்படி, மாநகராட்சிப் பகுதியில் கோயிலிலிருந்தோ பள்ளியிலிருந்தோ 50 மீட்டருக்குள் மதுக்கடை வைக்கக் கூடாது. அந்தத் தொலைவுக் கட்டுப்பாடு, திட்ட அமைப்புகளால் வணிகம் அல்லது தொழில் எனக் குறிக்கப்பட்ட பகுதிகளுக்குப் பொருந்தாது என்று அதே விதி விலக்கும் அளிக்கிறது. வங்கிக்காக மாற்றிய ஒற்றை மனை, வங்கி காலி செய்த பிறகு அந்த விலக்கை நாடுவோருக்கு வாதமாகிவிடலாம். தெருமுனையில் பிள்ளையார் கோயிலும் மழலையர் பள்ளியும் உள்ள ஒரு குடியிருப்பில் இது கற்பனையான அச்சம் அன்று. இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் வழியை நான் ஏற்க மாட்டேன்.

இரண்டாவது வழி, மனையை விட்டுவிட்டு, சாலையின் முகப்புப் பகுதியைக் கலப்புக் குடியிருப்பாக மாற்றுவது. இந்த வகையில் வீடுகள் வீடுகளாகவே நீடிக்கும். அவற்றோடு அலுவலகம், கடை போன்ற பயன்பாடுகளுக்கும் இடம் உண்டு. வணிகம் என்ற முத்திரை விழாததால் மேலே சொன்ன 50 மீட்டர் பாதுகாப்பு குலையாது. ஒருவருக்குக் கொடுத்து அடுத்தவருக்கு மறுக்கும் பாகுபாடும் இராது. நாலு ரோடு, ஐந்து ரோடு வட்டாரங்களை ஒட்டிய பல தெருக்களில் குடியிருப்பு அனுமதி பெற்ற கட்டடத்தில் கீழ்த்தளம் கடையாக நடப்பது ஊரறிந்தது. அவற்றைக் கணக்கில் கொண்டுவரவும் இந்த வழி உதவும்.

இதற்கு எதிரான வாதமும் வலுவானதே. ஒரு கிளைக்காகத் தொடங்கிய பேச்சு ஒரு சாலையையே மாற்றுவதில் முடிகிறது. வாடகை ஏறும், இன்றைக்கு வாடகைக்குக் குடியிருப்பவர்கள் தள்ளித் தள்ளிப் போக நேரும். சாலை அகலம் போதாத இடத்தில் இதைச் செய்தால், காலை பத்து மணிக்கு இருபுறமும் இருசக்கர வாகனங்கள் நிற்க, பள்ளிப் பேருந்து நடுவில் சிக்கிக்கொள்ளும். ஆகவே இந்த வழி எல்லாத் தெருவுக்கும் ஆகாது. அகலமான, இரண்டு முனையிலும் பெரிய சாலையில் சேரும் இணைப்புச் சாலைகளுக்கு மட்டுமே பொருந்தும். அதிலும் முகப்பு மனைகளோடு நிற்க வேண்டும், பின்வரிசைக்குப் போகக் கூடாது.

மூன்றாவது வழி, வகைப்பாட்டைத் தொடாமல் கிளையை ஏற்கெனவே வணிகமாக உள்ள சாலைக்கு அனுப்புவது. தெருவின் அமைதி முழுமையாகக் காக்கப்படும் வழி இதுதான். ஆனால் ஓமலூர் சாலையையோ ஜங்ஷன் சாலையையோ எழுபது வயதுக்காரர் ஒருவர் குறுக்கே கடப்பதைப் பார்த்தவர்கள் இதை எளிதாகப் பரிந்துரைக்க மாட்டார்கள். அருகிலேயே மாநகராட்சிக்குச் சொந்தமான வணிக வளாகம் இருந்து, அதன் தரைத்தளத்தை வங்கிக்குக் குத்தகைக்கு விட முடியுமானால் நிலைமை வேறு. நிலமும் மாநகராட்சியுடையது, வாடகையும் அதற்கே. அப்படி ஓரிடம் நடந்துபோகும் தொலைவில் இருக்குமானால் இரண்டாவது வழியைவிட இதையே நான் மேலாகச் சொல்வேன்.

முகவர் வழியாகச் சிறு சேவை மையம் நடத்தலாம் என்ற யோசனையும் உண்டு. நாளுக்கு 4 மணி நேரம், வாரத்துக்கு 5 நாள் இயங்கும் நிலையான மையத்தையும் ரிசர்வ் வங்கி 2017 முதல் வங்கிச் சேவை மையமாக ஏற்கிறது. பணம் எடுக்கவும் கட்டவும் அது போதும். பெட்டகத்துக்கும் நகைக்கடனுக்கும் போதாது.

வளாகம் இல்லாத பகுதிகளில், அகலமான சாலை இருந்தால் இரண்டாவது வழியை நிபந்தனைகளோடு ஏற்பதே சரி; இல்லையென்றால் மறுத்துவிட வேண்டும். நிபந்தனைகளில் வாகன நிறுத்தம் தலையாயது: வாடிக்கையாளர் வண்டிகள் மனைக்குள்ளேயே நிற்க வேண்டும், பணம் ஏற்றிவரும் வேன் துப்பாக்கிக் காவலரோடு சாலையை அடைத்து நிற்கக் கூடாது. டீசல் ஜெனரேட்டரும் குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டிகளும் பக்கத்து வீட்டுப் படுக்கையறைச் சன்னலை நோக்கி இருக்கக் கூடாது. வரைபடத்திலேயே அவற்றின் இடத்தைக் குறிக்கச் சொல்ல வேண்டும். இரவெல்லாம் எரியும் ஏடிஎம் பலகை சாலைப் பக்கம் மட்டும் இருக்கட்டும். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன்படி எப்படியும் வேண்டும். ஆனால் அதை நடைபாதையில் நீட்டிக் கட்டும் பழக்கத்தை மாநகராட்சி அனுமதிக்கக் கூடாது.

ஆட்சேபம் கேட்கும் முறையையும் மாமன்றம் திருத்திக்கொள்ள வேண்டும். நாளிதழ் அறிவிப்பில் வார்டு, பிளாக், நகரளவை எண் என்று வரும்போது, அது தம் பக்கத்து வீட்டைப் பற்றியது என்று தெருவில் யாருக்கும் தெரிவதில்லை. கதவு எண், உத்தேசப் பயன்பாடு, ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாள் ஆகிய மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதிய பலகையை அந்த மனையின் வாசலிலேயே வைத்து, பகுதி சபைக் கூட்டத்தில் பேசிய பிறகே தீர்மானத்தை மன்றத்தில் வைக்க வேண்டும்.