எம்டி டயர் போட்டு ஓட்டிய அனுபவம்: சேற்றில் என்ன கிடைத்தது, தார் ரோட்டில் என்ன போனது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டி எப்போதாவது ஈர மண்ணில் இறங்கும், மற்றபடி தார் ரோடுதான் என்றால் எம்டி (மட் டெரெய்ன், சேற்றுக்கென்றே செய்த டயர்) வேண்டாம், நல்ல ஏடி (ஆல் டெரெய்ன், எல்லாத் தரைக்கும் பொதுவானது) டயரே போதும். நான் பல வருஷம் ஏடியில் ஓட்டிவிட்டு எம்டிக்கு மாறி, அந்த செட்டைப் பாதிக்கு மேல் தேய்த்த பிறகு இதை எழுதுகிறேன். மாறியதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் நான் வழக்கமாகப் போகும் பாதை முழுக்கக் களிமண், ஒரு மழை பெய்தால் வாரக்கணக்கில் காயாது.

சேற்றுக்கு டயர் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பட்டன், அதாவது டயர் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டி, எவ்வளவு உயரம் என்றுதான் பார்க்கிறார்கள். உயரமும் வேண்டும்தான், ஆனால் அதைவிட முக்கியம் பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே உள்ள இடைவெளி. ஏடியில் அது குறுகல், களிமண் உள்ளே போனால் லேசில் வெளியே வராது, சில சுற்றிலேயே பள்ளமெல்லாம் அடைத்துக்கொண்டு டயர் ரோடு ரோலர் சக்கரம் மாதிரி வழவழப்பாகிவிடும். அதற்கப்புறம் நான்கு சக்கரமும் சுற்றினாலும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். எம்டியில் இடைவெளி அகலம், ஓரப் பட்டன்களின் பள்ளம் பக்கவாட்டில் திறந்தே இருக்கும், அதனால் ஒட்டிய மண் சுற்றும் வேகத்திலேயே பிய்ந்து பறக்கிறது. டயர் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் என்று விளம்பரத்தில் போடுவார்களே, அது இதுதான், உண்மையும்கூட.

ஆனால் அது தானாக நடக்காது, சக்கரத்துக்கு ஓரளவு வேகம் வேண்டும். லோ ரேஞ்ச் (4x4 வண்டியில் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர் அமைப்பு) முதல் கியரில் ஊர்ந்து போனால் எம்டியும் அடைத்துக்கொள்ளும். நான் பெரும்பாலும் லோ ரேஞ்சில் இரண்டாவது, சில இடத்தில் மூன்றாவது கியரில் சீராக இழுத்துப் போகிறேன். ஜன்னலில் தலையை நீட்டி முன் சக்கரத்தைப் பார்த்தால் போதும். பட்டன்களின் கறுப்பு அவ்வப்போது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் டயர் மண்ணை உதறுகிறது என்று அர்த்தம். வெறும் மண் நிறம் மட்டுமே சுற்றுகிறது, வண்டியும் நகரவில்லை என்றால் உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் மிதித்தால் எம்டி குழி தோண்டும், அதுவும் ஏடியைவிட வேகமாகத் தோண்டும், ஆக்சில் மண்ணில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் கம்பி கட்டி இழுக்கும் விஞ்ச்தான். அதனாலேயே உலர்ந்த மணலில் எனக்கு எம்டி பிடிக்காது, அங்கே ஏடிதான் சுகம்.

அகலமா குறுகலா என்ற சண்டை முடியவே முடியாது, ஏனென்றால் இரண்டு பக்கமும் சரி. மேலே ஒரு சாண் சேறு, அடியில் கெட்டித் தரை என்றால் குறுகலான டயர் சேற்றை வெட்டிக்கொண்டு இறங்கி அடித்தரையைப் பிடிக்கும். அடியே இல்லாத சதுப்பு என்றால் அகலமான டயர்தான் மேலாக மிதந்து போகும். என் பாதை முதல் வகை, அதனால் அகலத்தைத் தொடவில்லை. கம்பெனி கொடுத்த 245/70 ஆர்16-க்குப் பதில் 245/75 ஆர்16 போட்டேன் (245 என்பது மி.மீ.யில் அகலம், 70, 75 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, 16 என்பது ரிம்மின் அங்குலம்). கணக்குப்படி விட்டம் சுமார் 749 மி.மீ.யிலிருந்து 774 மி.மீ. ஆகிறது, வண்டி உயர்வது அதில் பாதி, அதாவது 12 மி.மீ. அவ்வளவுதான். பெரிய டயர் போட்டால் வண்டி அடி தட்டாது என்று நம்பி இரண்டு மூன்று சைஸ் தாண்டிப் போகிறவர்கள் இந்தப் பாதிக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். ஸ்பீடோமீட்டரும் 3 சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டும், முன்பு நிஜமாக 100-ல் போகும்போது காட்டிய அதே எண்ணில் இப்போது 103-ல் போகிறீர்கள். வாங்கும் முன் ஸ்டியரிங்கை முழுசாக இரண்டு பக்கமும் ஒடித்து, டயர் எங்காவது உரசுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்று விஷயத்தை நிறைய பேர் கண்டுகொள்வதே இல்லை. ரோட்டில் 32 பிஎஸ்ஐ வைத்திருப்பதை சேற்றில் இறங்கும் முன் 18 முதல் 20 வரை குறைக்கிறேன். தரையில் படும் பரப்பு நீளவாக்கில் கூடுகிறது, பட்டன்களும் வளைந்து கொடுத்து மண்ணை உதிர்க்கின்றன. உண்மையைச் சொன்னால், காற்று இறக்கிய ஏடி, காற்று இறக்காத எம்டியை நிறைய இடங்களில் ஜெயித்துவிடும். 15-க்குக் கீழே மட்டும் சாதாரண ரிம்மில் போகாதீர்கள், வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார் ரோடு வந்ததும் மறுபடி காற்று ஏற்ற வேண்டும், குறைந்த காற்றில் வேகம் போனால் பக்கச் சுவர் சூடாகி டயரே கெட்டுவிடும். ஆக, நல்ல கம்ப்ரசர் ஒன்றை டயரோடு சேர்த்தே பட்ஜெட்டில் போடுங்கள்.

இனி ரோட்டுக் கதை. சத்தம் இருக்கிறது, புதிதாக இருந்தபோது குறைவு, தேயத் தேயக் கூடுகிறது, 60-ஐத் தாண்டினால் பேச்சுக் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது. அதற்காவது பழகிவிடலாம். நான் பழகிக்கொள்ள மறுப்பது நனைந்த தார் ரோட்டில் பிரேக் பிடிப்பதைத்தான். தரையில் படும் ரப்பர் குறைவு, பட்டனில் மெல்லிய கீறல்களும் குறைவு, ஏடியில் நிற்கும் தூரத்தில் இது நிற்காது. மழையில் முன் வண்டியோடு தாராளமாக இடைவெளி விடுகிறேன். மைலேஜும் குறைந்தது. பட்டன்கள் ஒரு பக்கம் மட்டும் ரம்பம் போலத் தேயாமல் இருக்க 8,000 கி.மீ.க்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றுகிறேன். தள்ளிப்போட்டால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும்.

சேற்றிலிருந்து வந்ததும் ஸ்டியரிங் உதறுகிறதா? பேலன்சிங் போய்விட்டது என்று கடைக்கு ஓடாதீர்கள். ரிம்மின் உள்பக்கம் களிமண் காய்ந்து ஒட்டியிருக்கும், தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

வாங்கும்போது பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் படியுங்கள். 2324 என்றால் 2024-ன் 23-வது வாரத்தில் தயாரித்தது. எம்டியில் பல டயர்கள் கியூ வேகக் குறியீட்டோடு வரும், அதாவது அதிகபட்சம் 160 கி.மீ., நெடுஞ்சாலையில் பறக்கிறவர்கள் கவனிக்கவும். எல்டி (லைட் டிரக்) வகை டயரின் பக்கச் சுவர் தடிமனாக இருக்கும். சேற்றுக்குள் மறைந்திருக்கும் கட்டையும் கல்லும் குத்துவது பெரும்பாலும் பக்கவாட்டில், அங்கே கிழிந்தால் பஞ்சர் ஒட்டி நம்பி ஓட்ட முடியாது. அதனால் ஸ்டெப்னியும் அதே சைஸில் வேண்டும், நான்கு மட்டும் வாங்கிவிட்டுப் பழைய சின்ன டயரைப் பின்னால் தொங்கவிட வேண்டாம். அடுத்த செட்டும் எனக்கு எம்டிதான், இதே சைஸ், ஐந்தாக.